காலி வீட்டில் முடிக்க வேண்டியவை முதலில்: குடும்பத்தோடு வீடு மாறுவதற்கான வழிகாட்டி

வீடு மாறுவதில் வரிசை தப்பினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரும். அலமாரியைச் சுவரோடு நிறுத்தி, துணியெல்லாம் அடுக்கி முடித்த பிறகுதான் அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே பிளக் பாயின்ட் அதன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது தெரியவரும். கட்டில் போட்ட மறுவாரம் தலைமாட்டுச் சுவரில் ஈரம் கசிவது கண்ணில் படும். சாமான் வருவதற்கு முன் வீடு காலியாகக் கிடக்கும் அந்த ஒன்றிரண்டு நாள் மறுபடி கிடைக்காது. ஆகவே சாவி கைக்கு வரும் நாளுக்கும் சாமான் இறங்கும் நாளுக்கும் நடுவே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி வையுங்கள். அதற்காக வாடகை கொஞ்சம் கூடினாலும் லாபம்தான்.

காலி வீட்டில் முதல் சுற்று

சாவி வாங்கியதும் முதல் வேலை படம் எடுப்பது. மின்சாரம், தண்ணீர், எரிவாயு என எத்தனை மீட்டர் இருக்கிறதோ அத்தனையையும் எடுங்கள். ஓடியிருக்கும் அளவும் மீட்டரின் வரிசை எண்ணும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். முன்பு குடியிருந்தவர் செலவழித்தது உங்கள் பில்லில் ஏறினால் கேட்பதற்கு இதுதான் ஆதாரம். பழைய வீட்டைக் காலி செய்யும் நாளிலும் இதையே செய்யுங்கள். பிறகு சுவர் விரிசல், உடைந்த ஓடு, கதவுக் கீறல், ஜன்னல் கண்ணாடி. சாமான் வந்த பின் எடுக்கும் படம் எதற்கும் உதவாது. கீறல் முன்பே இருந்ததா, அலமாரி இடித்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து, அவசரத்துக்கு எதை எங்கே நிறுத்துவது என்று தேடிப் பாருங்கள்: மின்சார மெயின் சுவிட்ச், தண்ணீர் மெயின் வால்வு, எரிவாயு வால்வு. இந்த மூன்றும் இருக்கும் இடம் வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும், விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் வால்வை ஒரு முறை முழுக்க மூடித் திறந்து பாருங்கள். பல வருடம் தொடாத வால்வு இறுகிப் போயிருக்கும். கையால் திரும்பாததை ஸ்பானர் போட்டு முறுக்கினால் தண்டு முறிந்துவிடலாம்; அதைப் பிளம்பரிடம் விட்டுவிடுங்கள். வட்டப் பிடி வைத்த வால்வை முழுக்கத் திறந்ததும் கால் சுற்று பின்னால் திருப்பி வைத்தால் அடுத்த முறை சுலபமாகத் திரும்பும்.

மின்சாரப் பெட்டியில் எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு என்று எழுதி ஒட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெட்டியருகே நின்று ஒவ்வொன்றாக அணைக்க, மற்றவர் கையில் ஒரு சின்ன விளக்கோடு ஒவ்வொரு பாயின்டாகச் சோதித்துச் சொல்ல வேண்டும். சாமான் இல்லாத வீட்டில் அரை மணி நேர வேலை இது. பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் என்று போட்ட மின்கசிவுக் காப்புச் சுவிட்ச் இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். அந்தக் கணமே அது விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். விழாவிட்டால் மாற்றும்வரை அதை நம்பிக் குளியலறையில் ஹீட்டர் போடாதீர்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அந்தப் பொத்தான் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றுதான் சொல்லும். பிளக் பாயின்டில் எர்த் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, பாயின்டில் செருகும் சோதனைக் கருவியோ எலக்ட்ரீஷியனோ வேண்டும். மூன்று துளை இருப்பதால் மூன்றாவதில் கம்பி சேர்ந்திருக்கிறது என்று அர்த்தமில்லை.

தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். புது வீட்டில் தலைவலி பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும். எல்லாக் குழாயையும் மூடி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். முள் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. முதல் சந்தேகம் கழிப்பறைத் தொட்டிமேல். அதற்குள் பத்துச் சொட்டு உணவு நிறமியை ஊற்றி, தண்ணீர் விடாமல் 20 நிமிடம் காத்திருங்கள். கீழே பேசினில் நிறம் தெரிந்தால் தொட்டியின் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறது. அது மலிவான பொருள், பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். தொட்டி சரியாக இருந்தும் முள் நகர்ந்தால், கசிவு சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ இருக்கலாம். கட்டில், அலமாரி எதுவும் வராத இப்போதுதான் அதைத் தேடி எடுக்க முடியும்.

பிறகு எல்லாக் குழாய்களையும் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டின் குழாயில் தேங்கிய தண்ணீர் வெளியேறும். கழுவும் தொட்டிகளின் அடிக் குழாய்களில் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் அதில் ஈரமாகத் தெரியும். குழாய் முனை வலையைக் கழற்றி மணலைத் தட்டிவிடுங்கள். தண்ணீர் மெலிதாக வருகிறது என்ற புகாரில் பாதி அதோடு முடிந்துவிடும். குளியலறைத் தரையில் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். கதவுப் பக்கம் ஓடினால் சரிவு தவறு. வெளியே மரச் சாமான் வைக்கும் இடத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும். அறையில் சாக்கடை நாற்றம் இருந்தால் உடனே அடைப்பு என்று முடிவு கட்டாதீர்கள். தரை வடிகாலின் வளைவுக்குள் நிற்க வேண்டிய தண்ணீர், வீடு பூட்டிக் கிடந்ததில் வற்றிப்போயிருக்கும். அந்தத் தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு லிட்டர் ஊற்றி ஒரு நாள் பாருங்கள்.

எரிவாயு இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. ரப்பர் குழாயில் அச்சிட்ட தேதி தாண்டியிருந்தால் வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். புகை எச்சரிப்பான் இருந்தால் அதன் முதுகில் உள்ள தேதியைப் பாருங்கள். பத்து வருடம் ஆனது பொத்தானை அழுத்தினால் சத்தம் போட்டாலும் புகையை உணராமல் போகலாம்.

பூட்டை மாற்றத் தயங்க வேண்டாம். முன்பு இருந்தவரின் சாவிப் பிரதி யார் யாரிடம் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. வாடகை வீடானால் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். முழுப் பூட்டையும் மாற்றத் தேவையில்லை, சாவி நுழையும் பகுதியான சிலிண்டர் போதும். கதவின் விளிம்பில் சிலிண்டருக்கு நேராக உள்ள நீள ஸ்க்ரூவைக் கழற்றி, சாவியைச் செருகி லேசாகத் திருப்பினால் உள்ளே நீட்டியிருக்கும் நாக்கு உள்ளடங்கும் ஓர் இடம் வரும். அப்போது சிலிண்டர் வெளியே வழுக்கி வரும். புதிதை வாங்கும்போது ஸ்க்ரூத் துளையின் மையத்திலிருந்து இரு பக்கமும் தனித்தனியாக அளந்து சொல்லுங்கள், உதாரணமாக 30 மி.மீ., 40 மி.மீ. என்று. வெளிப்பக்கம் 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியால் பிடித்து முறித்துவிட முடியும்.

இனி சுத்தம். இதிலும் வரிசை உண்டு: தூசி எழுப்பும் பழுது வேலைகள், பெயின்ட், மேலிருந்து கீழாகக் கழுவித் துடைத்தல், கடைசியில் பூச்சி மருந்து. பூச்சி மருந்தை முதலில் அடித்துவிட்டுத் தரையைக் கழுவுவோர் நிறையப் பேர். ஓரங்களில் படிந்து நின்று வேலை செய்ய வேண்டிய மருந்து வாளித் தண்ணீரோடு போய்விடும். மருந்து உறையில் எழுதிய நேரம் முடியும்வரை குழந்தைகளையும் பிராணிகளையும் உள்ளே விடாதீர்கள். பெயின்ட் தொட்டால் ஒட்டாத அளவுக்குச் சில மணி நேரத்தில் காய்ந்தாலும் முழுக்க இறுக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் சாமானைச் சுவரோடு அழுத்தி வைத்தால் பெயின்ட் அதில் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும்.

அளவெடுப்பது

அளவு நாடா, ஒரு கிராஃப் தாள். 1 மீட்டருக்கு 2 செ.மீ. என்ற விகிதத்தில் ஒவ்வொரு அறையையும் வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பிளக் பாயின்ட் எங்கே, ஜன்னல் விளிம்பு தரையிலிருந்து எத்தனை உயரம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்கள் பெரிய சாமான்களை அதே விகிதத்தில் காகிதத்தில் வெட்டி நகர்த்திப் பாருங்கள். நடக்கும் வழி 90 செ.மீ. இருந்தால் வசதி, 75-க்குக் கீழே போனால் கூடையோடு நடக்கும்போது இடிக்கும். கட்டிலின் ஏறி இறங்கும் பக்கத்தில் 60, கதவு வைத்த அலமாரிக்கு முன்னால் 90, மேசை நாற்காலியை இழுத்து உட்கார மேசை விளிம்பிலிருந்து 80. வெளிச்சுவரோடு நிற்கும் எதற்கும் பின்னால் 5 செ.மீ. காற்றிடம் விடுங்கள். குளிர்ந்த வெளிச்சுவரும் காற்றோட்டமில்லாத இடுக்கும் சேர்ந்தால் பூஞ்சை அங்கேதான் தொடங்கும்.

உள்ளே கொண்டுவர முடியுமா என்பது தனிக் கணக்கு. சோபாவை அதன் நீளத்தை வைத்து அளந்து பயந்துவிடாதீர்கள். செங்குத்தாக நிமிர்த்திச் சுழற்றி உள்ளே விடலாம். முக்கியமான அளவு வேறு. முதுகின் உச்சியிலிருந்து கைப்பிடியின் முன் முனைக்கு ஒரு நேரான கம்பை வைத்து, சோபாவின் பின் அடி மூலையிலிருந்து அந்தக் கம்புக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அது கதவின் திறப்பை விடக் குறைவாக இருந்தால் நுழையும். ஒன்றிரண்டு செ.மீ. போதாவிட்டால் கதவைக் கீலிலிருந்து கழற்றுங்கள், 3 முதல் 4 செ.மீ. கிடைக்கும். படிக்கட்டு திரும்பும் இடத்தையும் லிஃப்ட்டின் உட்புறத்தையும் மறக்காமல் அளக்க வேண்டும். தரையில் படுக்க வைத்துப் பூட்டி நிமிர்த்தும் அலமாரிக்கு இன்னொரு கண்ணி உண்டு: நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் கூரையைத் தொடும். 230 செ.மீ. உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள அலமாரிக்கு அந்த மூலைவிட்டம் ஏறத்தாழ 238 செ.மீ. கூரை 235-இல் இருந்தால் நின்ற நிலையிலேயே பூட்ட வேண்டியதுதான்.

கட்டும் வேலை

மூன்று நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள், அன்றாடம் தொடாதவற்றிலிருந்து. வேண்டாததைக் கட்டுவதற்கு முன் கழிக்க வேண்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டியது பெட்டியிலேயே கிடக்கும்.

கனமானவை சின்னப் பெட்டியில், லேசானவை பெரிய பெட்டியில். புத்தகப் பெட்டி 15 கிலோவைத் தாண்ட வேண்டாம்; தாண்டினால் அடி பிய்ந்துகொள்ளும், தூக்குபவரின் முதுகும் தாங்காது. அடிப்பக்க இணைப்பில் நீளவாக்கில் ஒரு டேப், இரு முனைகளிலும் குறுக்காக ஒவ்வொன்று. தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்குங்கள். படுக்க வைத்தால் மேலுள்ள பாரமும் வண்டியின் குலுக்கலும் அடித் தட்டின் நடுவில் விழும். செய்தித்தாள் மை வெள்ளைப் பாத்திரத்தில் ஒட்டும், அச்சில்லாத தாள் நல்லது. பெட்டிக்குள் வெற்றிடம் இருக்கக் கூடாது. மூடியை அழுத்தினால் உள்வாங்கும் பெட்டி அடுக்கின் அடியில் போனதும் நசுங்கும்.

பெயரை மூடிமேல் எழுதாதீர்கள், அடுக்கிய பின் தெரியாது. இரண்டு பக்கவாட்டில் எழுதுங்கள்: ஓர் எண், புது வீட்டில் போக வேண்டிய அறை. உள்ளே என்ன என்பதை எண்ணோடு ஒரு நோட்டில் மட்டும் வையுங்கள். விலை உயர்ந்தது எது என்று பெட்டியே தெருவுக்கு அறிவிக்கத் தேவையில்லை.

கழற்றிய ஸ்க்ரூக்களை அந்தந்தச் சாமானிலேயே ஒட்டி வைக்கும் பழக்கம் பரவலானது. ஆனால் டேப் வழியில் பிய்ந்து பை தொலையும், ஒட்டிய இடத்தில் கறையும் நிற்கும். சின்னப் பைகளில் போட்டு, எந்தச் சாமானுடையது என்று எழுதி, எல்லாப் பைகளையும் அலன் கீ, ஸ்க்ரூ டிரைவரோடு ஒரே பெட்டியில் வைப்பது மேல். மரத்தூள் பலகைச் சாமான்களை முழுசாகத் தூக்கினால் மூட்டுகள் ஆடிப்போகும், கழற்றிப் பூட்டினால் துளைகள் தளரும். இரண்டில் கழற்றுவதே நல்லது, துளையைச் சரி செய்ய முடியும்: மர கோந்தில் நனைத்த பல்குச்சிகளைத் துளை நிறையச் செருகி, இரவு காய விட்டு, மேலே நீட்டியதை வெட்டிவிட்டு அதிலேயே ஸ்க்ரூவைப் போடுங்கள். டி.வி., கணினி கேபிள்களைக் கழற்றும் முன் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் ஏறக் கூடாதவையும் உண்டு. பத்திரங்கள், அடையாளச் சான்றுகள், நகை, மருந்து, படங்கள் நிறைந்த ஹார்ட் டிஸ்க் எல்லாம் உங்கள் கையோடு வர வேண்டும். பெயின்ட் தின்னர், பெட்ரோல், எரிவாயு சிலிண்டர், ஸ்ப்ரே டப்பாக்கள் மூடிய வண்டியில் மற்ற சாமானோடு போகக் கூடாது. பிளீச்சையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒரே பெட்டியில் வைக்கவே வேண்டாம். இரண்டும் சிந்திக் கலந்தால் குளோரின் வாயு வரும்.

முதல் இரவுக்கு என்று ஒரு பெட்டி தனியாகக் கட்டுங்கள், கடைசியில் ஏறி முதலில் இறங்கும்படி. சோப்பு, துண்டு, கழிப்பறைத் தாள், படுக்கை விரிப்பு, ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி, இரண்டு பல்ப், டார்ச், எக்ஸ்டென்ஷன் கம்பி, சார்ஜர், கத்தரிக்கோல், குப்பைப் பை, முதலுதவிப் பொருள். கத்தரிக்கோல் இல்லாமல் எந்தப் பெட்டியையும் திறக்க முடியாது, அது பெரும்பாலும் ஏதோ ஒரு பெட்டிக்குள் இருக்கும்.

இயந்திரங்கள்

ஃப்ரிட்ஜை ஒரு நாள் முன்பே அணைத்து, பனி உருகி உலர விடுங்கள். நிமிர்ந்த நிலையிலேயே கொண்டுபோக வேண்டும். வேறு வழியில்லாமல் படுக்க வைத்திருந்தால், குறைந்தது படுத்திருந்த நேரம் அளவுக்கு நிமிர்த்தி வைத்த பிறகே இணைப்புக் கொடுங்கள். நாள் முழுக்கப் படுத்திருந்தால் 24 மணி நேரம். கம்ப்ரஸருக்குள் இருக்க வேண்டிய எண்ணெய் சாய்த்ததும் குழாய்களுக்குள் போய்விடும். அது திரும்பி வருவதற்குள் ஓட்டினால் கம்ப்ரஸர் உலர்ந்து தேயும். போட்டவுடன் உள்ளே எதையும் நிரப்ப வேண்டாம். கீழ்ப்பகுதி 4 டிகிரி செல்சியஸுக்கும் உறைப்பகுதி மைனஸ் 18-க்கும் வந்த பின் வையுங்கள்.

முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினின் முதுகில் மூன்று அல்லது நான்கு போக்குவரத்து போல்ட் போடும் துளைகள் இருக்கும். டிரம் உள்ளே ஸ்பிரிங்குகளில் தொங்குவதால், போல்ட் போடாமல் கொண்டுபோனால் குலுங்கி ஸ்பிரிங்கும் தாங்கிகளும் கெடும். நேர்மாறான தவறு இன்னும் மோசம்: போல்ட்டைக் கழற்றாமல் ஓட்டினால் சுழலும்போது மெஷினே தரையில் நடக்கத் தொடங்கும். போல்ட்டுகளை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த முறைக்கு வேண்டும். கிளம்பும் முன் அடியில் உள்ள வடிகட்டியைத் திறந்து மீதித் தண்ணீரை வடியுங்கள். புது இடத்தில் ரசமட்டம் வைத்து நான்கு கால்களையும் சரி செய்து, கால்களின் பூட்டு நட்டுகளை இறுக்குங்கள். கழிவு நீர்க் குழாயின் முனை தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். தாழ்வாக விட்டால் தண்ணீர் நிரம்ப நிரம்ப வெளியே போய்க்கொண்டே இருக்கும், மெஷின் பழுது என்று நினைப்பீர்கள். முதல் ஓட்டம் துணியில்லாமல்.

தண்ணீர் சேமிக்கும் ஹீட்டரை, சுடுநீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் தடையில்லாமல் வரும்வரை போடாதீர்கள். காலித் தொட்டியில் சூடேறிய கம்பி சில நிமிடத்தில் எரிந்துவிடும். சுவர் ஏ.சி.யைக் கழற்றும் முன் வாயுவை வெளி அலகுக்குள் இழுத்துப் பூட்ட வேண்டும். புது இடத்தில் மாட்டியதும் செப்புக் குழாய்க்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்பால் எடுக்க வேண்டும். வேலைக்கு வருபவரிடம் பம்ப் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். கொஞ்சம் வாயுவை வெளியே விட்டுக் காற்றைத் தள்ளிவிடலாம் என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள். பெரிய டி.வி.யை எப்போதும் நிமிர்த்தியே தூக்க வேண்டும், படுக்க வைத்தால் சொந்த எடையிலேயே திரை வளைந்து விரிசல் விடலாம்.

சாமான் இறங்கும் நாள்

வண்டியில் கனமும் உயரமும் உள்ளவை ஓட்டுநர் அறையை ஒட்டிய முன்சுவரோடு முதலில், இடுக்குகளில் மெத்தையும் தலையணைகளும். இறக்கும்போது வீட்டுக் கதவருகே ஒருவர் நின்று ‘இது எந்த அறை’ என்று மட்டும் சொல்லட்டும், அவர் எதையும் தூக்க வேண்டாம். ஒவ்வொரு அறைக் கதவிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். பெட்டிகளைச் சுவரோரம் அடுக்குவது எல்லோரும் செய்யும் தவறு: அந்தச் சுவரில்தான் அலமாரி வர வேண்டியிருக்கும். அறை நடுவில் அடுக்குங்கள். கட்டில்களை அன்றே பூட்டி விரிப்பும் போட்டுவிட வேண்டும், இருட்டும் முன். சாமானை எண்ணி முடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உடைந்தது ஏதாவது இருந்தால் ரசீதிலேயே எழுதிய பின் போடுங்கள். சிறு குழந்தைகள் அன்று வேறு வீட்டில் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

முதல் வாரம்

கட்டில், குளியலறை, சமையலறை, பிள்ளைகள் அறை. இந்த நான்கும் முடியும்வரை மற்றப் பெட்டிகளைத் திறக்க வேண்டாம். எல்லா அறையிலும் கொஞ்சம் கொஞ்சம் திறந்தால் வீடு முழுக்கப் பாதியில் நிற்கும். சமையலறையில் எது எங்கே என்பதை இடத்தை வைத்துத் தீர்மானியுங்கள்: அடுப்பருகே கரண்டியும் வாணலியும், தொட்டியருகே கழுவுபவையும் அன்றாடத் தட்டுகளும். ஒவ்வொரு அலமாரித் தட்டிலும் கால் பங்கு காலி விடுங்கள். முதல் அடுக்கல் சரியாக வராது, ஒரு மாதத்தில் மாற்றத்தான் போகிறீர்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் தள்ளிப்போடக் கூடாத வேலை ஒன்று: உயரமான அலமாரி, இழுப்பறைப் பெட்டி, புத்தகத் தட்டு எல்லாவற்றையும் சுவரோடு பிணைப்பது. பிள்ளை இழுப்பறைகளைப் படியாக்கி ஏறினால் முழுப் பெட்டியும் முன்னால் சாயும். துளை போடும் முன் சுவிட்ச், பிளக், குழாய் இவற்றுக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் தவிர்த்துவிடுங்கள்; கம்பியும் குழாயும் வழக்கமாக அந்தக் கோட்டில்தான் போகும். ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவருக்குள் செருகும் 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட், ஆழம் பிளக்கை விட 1 செ.மீ. அதிகம், தூளை ஊதி எடுத்த பின் செருகுங்கள். சுவர் ஓட்டில் துளை போடும்போது மேலே டேப் ஒட்டி, டிரில்லின் சுத்தியல் அடியை அணைத்து மெதுவாக ஓட்டுங்கள். ஓட்டைக் கடந்த பிறகு சுத்தியல் அடியைப் போடலாம்.

ஹீட்டர், ஓவன், இஸ்திரி போன்றவற்றை எக்ஸ்டென்ஷனில் போடாதீர்கள், ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொன்றைச் செருகவும் வேண்டாம். ரௌட்டரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், மீன் தொட்டி ஆகியவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். வைஃபை அலைவரிசையில் தூரத்து அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், அருகில் வேகத்துக்கு 5.

வங்கி, காப்பீடு, வேலை இடம், பள்ளி, மருத்துவர், வரி அலுவலகம் என முகவரி மாற்ற வேண்டிய பட்டியலை ஒரே உட்காரலில் முடித்துவிடுங்கள். வீட்டுக் காப்பீடு நீங்கள் குடியேறும் நாளிலிருந்து அல்லாமல் சாவி வாங்கிய நாளிலிருந்து தொடங்க வேண்டும். குப்பை எடுக்கும் நேரம், தண்ணீர் அழுத்தம் குறையும் நேரம், லிஃப்ட் பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் பக்கத்து வீட்டில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரியும்.

பிள்ளைகள், பெரியவர்கள், பிராணிகள்

பிள்ளைகளுக்கு அறை அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை, பழக்கமானதாக இருந்தால் போதும். பழைய விரிப்பைத் துவைக்காமல் அப்படியே போடுங்கள், பழைய வாசனை தூக்கத்துக்கு உதவும். கட்டிலும் சுவரும் படுக்கும் பக்கமும் கூடிய மட்டும் முன்பிருந்தபடி அமையட்டும். தொட்டிலிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவது, புட்டிப்பாலை நிறுத்துவது போன்ற பெரிய மாற்றங்களை வீடு மாறுவதற்குச் சில வாரம் முன்போ பின்போ வையுங்கள், ஒன்றாக வேண்டாம். படுக்கையை நனைக்காத பிள்ளை மறுபடி நனைக்கலாம், தனியாகத் தூங்கியது அழுதுகொண்டு எழுந்து வரலாம். சில வாரத்தில் தானே சரியாகும், கண்டித்தால் நீளும். பெரிய பிள்ளைகளை அளவெடுக்கும்போதே கூட வைத்து, அவர்கள் அறையில் எது எங்கே என்பதை அவர்களே முடிவு செய்ய விடுங்கள். பள்ளி திறக்கும் முன் அந்த வழியில் ஒரு முறை கூட நடந்து போய் வாருங்கள். அவர்களின் பழைய பொம்மைகளை இந்தச் சமயத்தில் கழிக்க வேண்டாம்.

வயதானவர்களுக்கு ஆபத்தான நேரம் முதல் சில இரவுகள். தூக்கக் கலக்கத்தில் கால் பழைய வீட்டுக் கழிப்பறையை நோக்கித்தான் போகும். பழைய வீட்டில் எந்தப் பக்கம் இறங்கினார்களோ அதே பக்கம் இறங்கும்படி கட்டிலைப் போட்டு, கட்டிலிலிருந்து கழிப்பறைவரை இரவு விளக்குகளை வைத்து, அந்த வழியில் மிதியடி, கம்பி, பெட்டி எதுவும் இல்லாமல் பாருங்கள். கழிப்பறையில் பிடிகம்பி மாட்டுவதை முதல் வாரத்துக்குள் முடியுங்கள். துண்டு தொங்கும் கம்பி உடல் எடையைத் தாங்காது.

பூனையை முதலில் ஒரே ஓர் அறையில், அதன் பழைய படுக்கையோடும் மணல் தட்டோடும் சில நாள் வையுங்கள். பிறகு மற்ற அறைகளுக்கு விடலாம், வெளியே விட மூன்று வாரமாவது ஆகட்டும். அதற்கு முன் விட்டால் பழைய வீட்டைத் தேடிப் போய்விடும். நாய்க்கு இடத்தை விட நேரம் முக்கியம், நடக்கும் நேரத்தை மாற்றாதீர்கள்.

முதல் மாதம்

ஒரு நோட்டைச் சமையலறையில் தொங்கவிட்டு, கண்ணில் பட்ட குறையை எழுதிக்கொண்டே வாருங்கள்: இறுகும் கதவு, கசியும் குழாய், வேலை செய்யாத பிளக். வாரம் ஒரு முறை மொத்தமாக ஆள் கூப்பிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனியாக அலைய வேண்டாம். திரை, தட்டு, புது மேசை இவற்றையெல்லாம் ஒரு மாதம் கழித்து வாங்குவது நல்லது. மாலை வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது, எந்த மூலையில் பைகள் குவிகின்றன என்று அதற்குள் தெரிந்துவிடும். ஜன்னல்களைத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் எதிரெதிராகத் திறந்து வையுங்கள். புதிதாகக் கட்டிய வீட்டின் சுவர்களில் ஈரம் மாதக்கணக்கில் இருக்கும். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் அலமாரிக்குப் பின்னால் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

மாதக் கடைசியில் ஸ்பானரோடு ஒரு சுற்று. கட்டில் போல்ட், நாற்காலிக் கால், அலமாரிக் கீல் எல்லாம் உட்கார்ந்து எழுந்ததில் தளர்ந்திருக்கும், கால் சுற்று இறுக்குங்கள். வாஷிங் மெஷின்மேல் மறுபடி ரசமட்டம் வையுங்கள். உள்ளே மறைந்திருக்கும் கீல்கள் வைத்த அலமாரிக் கதவு சேராமல் நின்றால், பக்கவாட்டுக்கு முன் ஸ்க்ரூவையும், உள்ளே வெளியே நகர்த்தப் பின் ஸ்க்ரூவையும் திருப்பினால் போதும், கீலைக் கழற்ற வேண்டியதில்லை.